லோரி எலும்பும் மஞ்சள் மேனியும்

பிப்ரவரி மாதத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தாரில் சூரியன் எழும்போது மணி ஏழரையை நெருங்கிவிடும். பல பள்ளிகளில் மணி அடிப்பதும் ஏழரைக்குத்தான். ஆக, வயல் ஓரத்துக் கம்பத்திலிருந்தோ பழைய தோட்டக் குடியிருப்பிலிருந்தோ புறப்படும் பிள்ளை, ஆறேகாலுக்கே இருட்டில் சாலையோரம் வந்து நிற்கிறது. கடிகாரமும் இதற்கு உடந்தை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு மாறுவதற்காகத் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சூரியன் அந்த ஆணையைக் கண்டுகொள்ளவில்லை.

இருட்டைக் கிழித்துக்கொண்டு வரும் பள்ளிப் பேருந்தின் மஞ்சளுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. 1939 ஏப்ரலில் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஏழு நாள் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அமெரிக்காவின் 48 மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நடைவழி எவ்வளவு அகலம், கூரை எவ்வளவு உயரம் என்று 44 விதிகளை எழுதினார்கள். எலுமிச்சை மஞ்சளிலிருந்து ஆழ்ந்த செம்மஞ்சள்வரை நிறப்பட்டைகளைச் சுவரில் மாட்டி, விடியலின் அரைவெளிச்சத்திலும் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும் மஞ்சளைத் தேர்ந்தார்கள்.

பகலில் இந்தத் தேர்வு கச்சிதமானது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை. அது பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட இடம். மஞ்சள் ஒளி விழித்திரையில் சிவப்பை உணரும் கூம்புச் செல்களையும் பச்சையை உணரும் கூம்புச் செல்களையும் ஒருசேரத் தட்டி எழுப்புகிறது. ஆனால் வெளிச்சம் குறையக் குறையக் கூம்புச் செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் பொறுப்பேற்கும். அவற்றின் கூர்மை ஏறக்குறைய 507 நானோமீட்டரில், நீலப்பச்சைப் பக்கம். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே கவனித்துச் சொன்ன மாற்றம் இது. அதனால் ஆறேகால் இருட்டில் மஞ்சளின் செல்வாக்கு குறைந்துவிடுகிறது. அந்த வேளையில் வண்டியை அடையாளம் காட்டுவது விளக்கும், எதிர்வண்டியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒளிர்பட்டையும்தான். ஏழே காலுக்கு மேல்தான் மஞ்சள் தன் வேலையைத் தொடங்குகிறது.

நிறத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதன் அடியில் இருப்பதில்தான் ஆர்வம். பள்ளிப் பேருந்து பெரும்பாலும் ஒரே ஆலையில் முழுசாகப் பிறப்பதில்லை. ஹினோ, இசூசு போன்ற நிறுவனங்கள் தருவது சேசிஸ்: நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், இடையில் ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள், எஞ்சின், அச்சு, சக்கரம். அதன்மேல் பாடி கட்டுவது வேறொரு பட்டறை. தமிழ்நாட்டில் கரூர் இதற்கே பெயர்போன ஊர். சேசிஸ் பல நேரங்களில் லோரிக்கானது, அல்லது லோரியின் நெருங்கிய உறவு. டன் கணக்கில் பாரம் சுமக்க வளைத்த பட்டைவில்லின்மேல் முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரு சுமையே இல்லை. வில் அமுங்காது, குழிக்குக் குழி தூக்கிப்போடும். பின்வரிசையில் உட்கார்ந்து போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இரட்டைப் பிறப்பின் கதை சுவையானது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் வெய்ன் வொர்க்ஸ் நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் குதிரை வண்டி செய்தது. ஏறும் கதவைப் பின்புறம் வைத்தார்கள், குதிரை மிரளக் கூடாதே என்று. பிறகு குதிரை போய் மோட்டார் வந்தது. மரக்கூடு மட்டும் அப்படியே சேசிஸ்மேல் ஏறி உட்கார்ந்தது. ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலி ஊரில் ஃபோர்டு வண்டி விற்றுவந்த ஆல்பர்ட் லூஸ், ஒரு சிமெண்ட் நிறுவனத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல மரப் பேருந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். தவணை கட்டி முடிவதற்குள் கூடு ஆட்டம் கண்டு பிரிந்துவிட்டது. அதன்பின் 1927இல் அவர் ஃபோர்டு சேசிஸ்மேல் எஃகுச் சட்டகம் கட்டிப் பார்த்தார். அந்த வண்டிதான் புளூ பேர்ட் நிறுவனத்தின் முதல் பேருந்து. இன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கூலிக்காரர்களை ஏற்றிய வண்டி உடைந்ததால் பள்ளிப் பேருந்து உறுதியானது என்பதைத் தோட்டத்து லோரியில் பள்ளிக்குப் போன நம் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

கூட்டின் பலம் இணைப்புகளில் இருக்கிறது. தகடும் தகடும் சேரும் இடம் பிளந்தால் அது கத்தி. எரிபொருள் தொட்டி, இணைப்பு, கூரை, இருக்கை எல்லாவற்றுக்குமான அமெரிக்க விதிகள் 1977 ஏப்ரல் 1 அன்று அமலாயின. இருக்கை விதி புத்திசாலித்தனமானது: முதுகுப் பலகையை உயர்த்தி, மெத்தை பொதிந்து, நெருக்கமாக வைத்தால், மோதலில் பிள்ளை முன்னிருக்கையில் மோதி அடங்கிவிடும், அட்டைப்பெட்டிக்குள் முட்டை போல.

1988 மே 14 அன்று கென்டக்கியின் கரோல்டன் அருகே, குடிபோதையில் எதிர்த்திசையில் ஓட்டிவந்தவரின் வண்டி, பழைய பள்ளிப் பேருந்து ஒன்றின்மேல் மோதியது. தொட்டி துளைபட்டுத் தீப்பற்றியது. பேருந்தில் இருந்த 67 பேரில் 27 பேர் இறந்தார்கள். மோதலால் அல்ல, புகையாலும் தீயாலும். முன்கதவு அடைபட்டுவிட்டது. தப்பியவர்களில் பெரும்பாலோர் வெளியேறியது பின்கதவு வழியாக, அந்தக் குதிரைக் காலத்து வழியாக. அந்தப் பேருந்து உற்பத்தியானது 1977 மார்ச்சில். சில நாள் பிந்திப் பிறந்திருந்தால் தொட்டிக்குக் காப்புக்கூண்டு இருந்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் எளியது, அதனாலேயே கொடியது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அந்த வண்டிக்குச் சில நாட்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கிடைத்திருந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன.

பேராக் மாநிலத்திலும் ஒரு தேதி உண்டு. 2007 ஆகஸ்ட் 13 அன்று புக்கிட் கந்தாங் அருகே நெடுஞ்சாலையை விட்டுச் சரிந்த விரைவுப் பேருந்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு புதிய பேருந்துகளுக்கு, கவிழ்ந்தாலும் கூடு தாங்க வேண்டும் என்ற ஐநாவின் 66ஆம் எண் ஒழுங்குமுறை இங்கே பேச்சுக்கு வந்து சட்டமும் ஆனது. சோதனை இப்படி நடக்கும்: 800 மில்லிமீட்டர் உயர மேடையில் வண்டியை நிறுத்தி, மெல்லச் சாய்த்து, பக்கவாட்டில் கான்கிரீட் தரைமேல் விழவிடுவார்கள். பயணிகள் உட்காரும் வெளிக்குள் எந்தத் தூணும் வளைந்து நுழையக் கூடாது.

இதுவும் புதிதாகப் பிறக்கும் வண்டிகளுக்கான விதி. முன்னால் பிறந்தவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய், பள்ளத்தின்மேல் நின்று, அடிவயிற்றைக் காட்டிவிட்டு வந்து ஓடுகின்றன. அவற்றின் படி மட்டும் இன்னும் லோரியின் உயரத்தில்தான் இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளை கைப்பிடியைப் பற்றி, முழங்காலை ஊன்றி, தன்னில் பாதி இருக்கும் பையோடு ஏறி முடிக்கும்வரை பஸ் அங்கிள் கிளட்சை மிதித்தபடி காத்திருக்கிறார்.