சுவரில் ஒட்டிய தொகை

1996-ஆம் ஆண்டு உகாண்டாவில் 250 தொடக்கப் பள்ளிகளின் கணக்குப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினார்கள். ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அந்த விவரங்களை அலசினார்கள். கேள்வி எளிமையானது. பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கம்பாலாவிலிருந்து அரசு அனுப்பும் மானியத்தில், பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? 1991 முதல் 1995 வரையிலான ஆண்டுகளுக்குக் கிடைத்த பதில், சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு ஷில்லிங்கூட வரவில்லை. அரசின் பேரேட்டிலோ முழுத் தொகையும் கல்விச் செலவாகவே பதிவாகியிருந்தது.

வறுமை ஒழிப்புத் திட்டம் என்று எந்த நாடு எதைத் தீட்டினாலும், நான் முதலில் நினைத்துப் பார்ப்பது இந்தப் பதின்மூன்றைத்தான்.

மறு ஆண்டே, 1997-இல், உகாண்டா தன் வறுமை ஒழிப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. உள்நாட்டுப் போர்களில் நொறுங்கி, 1986-க்குப் பிறகு மெல்ல எழுந்துகொண்டிருந்த நாடு அது. 1992-93 கணக்கெடுப்பின்படி மக்களில் 56 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நிதி அமைச்சகத்தின் செயலராக இருந்த இம்மானுவேல் டுமுசிமே முதெபிலே, திட்டத்தைப் பட்ஜெட்டோடு இறுகக் கட்டிப்போட்டார். பெருங்கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடியை 1998-இல் முதன்முதலாகப் பெற்றதும் உகாண்டாதான். தள்ளுபடியில் மிச்சமான பணத்தை வறுமை நடவடிக்கை நிதி என்று தனியே ஒதுக்கி, தொடக்கக் கல்வி, ஆரம்ப சுகாதாரம், குடிநீர், கிராமச் சாலை, வேளாண் விரிவாக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று வேலி போட்டார்கள். பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் அந்த வேலிக்குள் கை வைக்கக்கூடாது என்பது விதி. கணக்கை விவாதிக்கும் கூட்டங்களில் பத்திரிகையாளர்களும் தன்னார்வ அமைப்புகளும் உட்கார்ந்தார்கள்.

வேலி தலைநகரில் இருக்கிறது. பணம் ஒழுகுவது மாவட்டத்தில். ஆய்வில் தெரிந்த இன்னொரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவர் மானியம் கரைந்த அளவுக்கு ஆசிரியர் சம்பளம் கரையவில்லை. காரணம், தன் சம்பளம் எவ்வளவு என்று ஆசிரியருக்குத் தெரியும். குறைந்தால் அன்றைக்கே கேட்பார். மானியம் என்று ஒன்று இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. அதனால் மாவட்ட அலுவலகம் அதை வேறு செலவுகளுக்கு எடுத்துக்கொண்டது. பெற்றோர் தங்கள் சங்கத்தின் மூலம் காசு போட்டுப் பள்ளியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அரசு அவர்களுக்கு என்று அனுப்பிய பணம் வழியிலேயே நின்றுபோனது தெரியாமல், கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டிய தாய்மாரை நினைத்தால் கோபம் வருகிறது.

அரசு இதற்குச் செய்த மாற்றுக்குப் பெரிய செலவு இல்லை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை மாதாமாதம் செய்தித்தாள்களில் வெளியிட்டது, வானொலியில் படித்தது. வந்த தொகையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் உத்தரவிட்டது. சுவரில் ஒரு காகிதம், அதில் தேதியும் தொகையும், அவ்வளவுதான். ஆனால் 1997-இல் இலவசத் தொடக்கக் கல்வி வந்த பிறகு முதல் மூன்று வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000 ஷில்லிங், மேல் வகுப்புப் பிள்ளைக்கு 8,100 என்று மானியம் நிர்ணயமாகியிருந்தது. தலையை எண்ணிப் பெருக்கத் தெரிந்த எந்தத் தகப்பனும் அந்தக் காகிதத்தைச் சரிபார்த்துவிடலாம். 2001-இல் மறுபடி அளந்தபோது மானியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளைச் சேர்ந்திருந்தது. செய்தித்தாள் கடைக்கு அருகில் இருந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் விதிகளை நன்றாக அறிந்திருந்தார்கள், பணத்தையும் அதிகமாகக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

இதைச் செய்தித்தாளின் வெற்றி என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் கல்விக்கான ஒதுக்கீடே பெருகியது, நிதி அமைச்சகத்தின் கண்காணிப்பும் இறுகியது. கட்டணம் போய்விட்டதால், மானியம் வராவிட்டால் பள்ளியே நின்றுவிடும் என்ற நிலை தலைமையாசிரியர்களையும் கேட்க வைத்திருக்கும். எல்லாம் சேர்ந்துதான் பணத்தை நகர்த்தின என்பதே என் முடிவு.

1998-இல் தொடங்கிய பங்கேற்பு வறுமை மதிப்பீடு கிராமங்களுக்குப் போய், வறுமை என்றால் உங்களுக்கு என்ன என்று மக்களிடமே கேட்டது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றார்கள். இரவில் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்றார்கள். தண்ணீருக்கான ஒதுக்கீடு உயர்ந்தது. 2000-இல் திருத்திய திட்டத்தில் பாதுகாப்பும் நல்லாட்சியும் தனித் தூணாக இடம் பிடித்தன. அரசு சுகாதார நிலையங்களில் வாங்கிய கட்டணம் 2001 மார்ச்சில் ரத்தானதும் ஏழைகள் திரளாக வந்தார்கள். மருந்து அந்த வேகத்தில் வரவில்லை.

பள்ளியிலும் அதே கதைதான். 1996-இல் சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. மரத்தடியில் வகுப்பு நடந்தது, முதல் வகுப்பில் ஓர் ஆசிரியர் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்த பள்ளிகள் இருந்தன. சேர்ந்தவர்களில் பலர் ஏழாம் வகுப்பை எட்டவே இல்லை. தொகை வந்ததா என்று காகிதம் சொல்லும். பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் வகுப்புக்குள் போய்ப் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வேளாண்மை இன்னும் கடினம். 2001-இல் தொடங்கிய தேசிய வேளாண் ஆலோசனைச் சேவை, விவசாயிக்கு அறிவுரையும் விதையும் தர வந்தது. மானியத்தைப் போல ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க முடியாத உதவி அது. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் அவரை என்று கேட்க ஏழை விவசாயிக்குக் கையில் ஒரு எண் இல்லை. கொஞ்சம் நிலமும் தொடர்பும் உள்ளவர்களே முன்வரிசையில் நின்றார்கள்.

மொத்தக் கணக்கு என்ன? வறுமை 1999-2000-இல் சுமார் 34 சதவீதமாக இறங்கி, 2002-03-இல் 38-க்கு ஏறியது. இறக்கத்தில் தொண்ணூறுகளின் நடுவில் எகிறிய காப்பி விலைக்கும் பங்கு உண்டு. வடக்கு அந்த இறக்கத்தில் மிகக் குறைவாகவே பங்கு பெற்றது. அங்கே லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படையோடு போர் நடந்துகொண்டிருந்தது. உச்சத்தில் 18 லட்சம் பேர் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். அறிவிப்பு ஒட்டச் சுவர் வேண்டும், அந்தச் சுவர் இருக்கும் ஊரில் மக்கள் குடியிருக்க வேண்டும். 2017-க்குள் வறுமையைப் பத்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று திட்டம் உறுதி சொன்னது. 2016-17 கணக்கெடுப்பு காட்டியது 21.4 சதவீதம். 1992-ஐ நினைத்தால் அது பெரிய தூரம். வடக்கில் இருந்து பார்ப்பவருக்கு அந்தத் தூரம் அப்படித் தெரியாது.

செயல்திட்டத்தின் இடத்தை 2010-இல் தேசிய வளர்ச்சித் திட்டம் எடுத்துக்கொண்டது. 2022 முதல் பேரிஷ் என்னும் சிறு நிர்வாக வட்டாரத்துக்கு ஆண்டுக்கு 10 கோடி ஷில்லிங் என்று புதிய திட்டம் நடக்கிறது. அதிலிருந்து ஒரு குடும்பத்துக்குப் பத்து லட்சம் வரை கடன். இந்த முறை தொகை எல்லோருக்கும் தெரியும். பேரிஷ்வாசி கேட்க வேண்டியது கடன் பெறுவோர் பட்டியலை: அதில் யார் யார் பெயர், அது எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது?