வாசற்கதவுப் பூட்டு: நாம் வாங்குவது சில நிமிடங்களை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரொறன்ரோவில் ஒரு செய்தி பெரும் பேச்சானது. எற்றோபிக்கோவில் நடந்த கூட்டமொன்றில் பொலிஸ் அதிகாரி ஒருவர், வாகனத் திறப்பை வாசற்கதவுக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள் என்று ஆலோசனை சொல்லியிருந்தார். கள்ளர் வருவது வாகனத்துக்காக, வீட்டில் இருப்பவர்களுக்குத் தீங்கு நேராமல் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். எதிர்ப்பு எழுந்ததும், வேறு தடுப்பு வழிகளும் உண்டு என்று பொலிஸ் சேவை விளக்கம் கொடுத்தது.

அந்த வேறு வழிகளை யோசிக்கும்போது, முதலில் பார்க்க வேண்டியது அதே வாசற்கதவைத்தான். நம்மில் பலருடைய வீடுகளில் தாலிக்கொடியும் பிள்ளைகளின் நகைகளும் இருக்கின்றன. ஆனால் கதவுப் பூட்டைப் பற்றி, வீடு வாங்கிய நாளில் கிடைத்த திறப்பு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு மேல் நமக்கு அதிகம் தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஊரில் படலைக்குப் போட்ட ஆமைப்பூட்டு முழுதாகக் கண்ணில் தெரியும். இங்கே கதவுக்குள் இருக்கும் டெட்போல்ட்டில் நமக்குத் தெரிவது திறப்பு நுழையும் உருளையின் முகம் மட்டுமே. அந்த உருளைதான் சிலிண்டர். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. சிலிண்டருக்குள் வழக்கமாக 5 அல்லது 6 துளைகள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறிய பின்கள், அவற்றுக்கு மேலே ஒரு சுருள்வில். சரியான திறப்பை நுழைத்தால், எல்லாப் பின்களும் பிரியும் இடம் ஒரே கோட்டுக்கு வரும். அப்போது உருளை சுழலும்.

இந்த அமைப்பின் பலவீனமும் அந்தத் துளைகளில்தான். அத்தனை துளைகளையும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் போட எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அந்தச் சிறு பிசகால், உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைக் கம்பியால் தூக்கினால் அடுத்தது இறுகும். இப்படி ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். இன்னொரு வழி, எல்லாப் பள்ளங்களும் ஆழமாக வெட்டப்பட்ட திறப்பை நுழைத்துத் தட்டுவது. கரம் பலகையில் ஒரு காய் மற்றக் காயைத் தள்ளுவதுபோல, கீழ்ப்பின் வாங்கிய அடி மேல்பின்னைத் துள்ள வைக்கும். அந்தக் கணத்தில் உருளை திரும்பிவிடும். இவ்வளவு பொறுமை இல்லாதவர் மென்மையான பித்தளையைத் துளையிடுவார், அல்லது குறட்டால் பிடித்து முறுக்குவார்.

தாக்குதலும் பதிலும்

உயர் பாதுகாப்புச் சிலிண்டர் என்பது இந்தத் தாக்குதல்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கப்பட்ட பதில்களின் தொகுப்பு. கம்பிக்கு எதிராக, நூல்கட்டைபோல நடுவில் இடுங்கிய பின்கள் வந்தன. தவறாகத் தூக்கினால் அவை இடையில் சிக்கிக்கொள்ளும். துளையிடுவதற்கு எதிராகக் கடினமாக்கிய எஃகுத் துண்டுகள் வைக்கப்பட்டன. முறுக்குவதற்கு எதிராக, பிடித்தால் வெறுமனே சுழலும் வெளிவளையம் வந்தது.

சிலர் அமைப்பையே மாற்றினார்கள். 1968இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் தொடங்கிய மெடிக்கோ நிறுவனம், திறப்பின் பள்ளங்களைச் சரிவாக வெட்டியது. அதனால் பின்கள் சரியான உயரத்துக்கு எழுவது மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். அதற்கும் முன்பே, 1907இல், பின்லாந்தின் எமில் ஹென்றிக்சன் சுருள்வில்லும் பின்னும் இல்லாமல் சுழலும் தட்டுகளால் ஒரு பூட்டைச் செய்தார். அதுவே இன்றைய அப்லோய். துள்ளுவதற்குப் பின்களே இல்லாததால், தட்டித் திறக்கும் வித்தை அதில் பலிக்காது.

ஆனாலும் திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்றில்லை. இலண்டனில் பிரமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல ஆண்டுகளாகச் சவால் விட்டிருந்தது. 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹொப்ஸ் அதைத் திறந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பல நாட்களில், மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. கள்ளருக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. அதனால்தான் வட அமெரிக்காவின் யூஎல் 437 தரச் சோதனை நிமிடங்களில் அளக்கிறது: கம்பி வித்தைக்கு 10 நிமிடம், துளையிடலுக்கு 5 நிமிடம் சிலிண்டர் தாங்க வேண்டும்.

சிலிண்டர் மட்டும் போதாது

விலை உயர்ந்த சிலிண்டரை வாங்கிப் பலவீனமான நிலையில் பொருத்துவதால் பயனில்லை. பூட்டின் நாக்கு நுழையும் தகடு, பல வீடுகளில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த ஆணிகளால் மெல்லிய பலகையில் நிற்கிறது. கதவைக் காலால் உதைத்தால் பிளப்பது அந்தப் பலகைதான். அந்த இடத்தில் 3 அங்குலத் திருகாணிகள் போட்டால் அவை சுவரின் மரச்சட்டம்வரை போய்ப் பிடிக்கும். நாம் செய்யக்கூடிய மிக மலிவான வேலை இதுதான்.

அடுத்தது திறப்பின் கணக்கு. நிலக்கீழ் தளத்தை வாடகைக்கு விடும் வீடுகளில், எத்தனை பிரதிகள் எவரிடம் இருக்கின்றன என்று சொல்வது கடினம். உயர் பாதுகாப்புச் சிலிண்டர்கள் பலவற்றின் திறப்பைச் சாதாரணக் கடையில் வெட்ட முடியாது; உரிமையாளரின் அட்டையோ கையொப்பமோ வேண்டும். பலருக்கு, கம்பி வித்தையைத் தடுப்பதைவிட இதுவே பெரிய பலன். அதற்குச் செலவழிக்க முடியாதவர்கள், பழைய சிலிண்டரின் பின்களை மாற்றி அமைத்துப் புதிய திறப்புப் பெறலாம். வாடகைக்கு ஆள் இருக்கும்போது பூட்டை மாற்றினால், ஒன்ராறியோ சட்டப்படி அவருக்குப் புதிய திறப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் உரிமையாளரின் சம்மதமின்றிப் பூட்டை மாற்றக்கூடாது.

கள்ளருக்குப் பயந்து, உள்ளேயிருந்தும் திறப்புப் போட்டுத் திறக்கும் பூட்டை மட்டும் வாங்க வேண்டாம். தீப்பிடித்தால், இருட்டிலும் புகையிலும் நம் பிள்ளைகள் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உட்பக்கம் கையால் திருகித் திறப்பதாகவே இருக்கட்டும்.