ராதா பேசினால்?

குமரி மாவட்டத்தில் எங்கள் மயிலாடிப் பக்கத்து அம்மன் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு ஓய்ந்து பூசை தொடங்கும்வரை பலகுரல் நிகழ்ச்சி நடக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டம் காத்திருந்தது ஒரே உருப்படிக்கு: ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தை எம்.ஆர். ராதா பேசினால்? நாகேஷ் பேசினால்? ஒரே ஆள், ஒரே மைக். நடிகர்கள் வரிசையாக வந்து படத்தின் நாயகன் குணசேகரன் வேடத்துக்குத் தேர்வுக்கு நின்று தோற்றுப் போவார்கள். 1952-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு முதலில் கே.ஆர். ராமசாமியையும் யோசித்தார்கள். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் சிவாஜிதான் என்று உறுதியாக நின்றார். வேறொருவர் பேசியிருந்தால் என்பது வெறும் விளையாட்டல்ல என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மூல வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். கொடைக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய நாளிலிருந்து ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம் முழுதாக ஓடும். கல் கொத்தும் கொட்டகைகளில் உளிச் சத்தத்துக்கு நடுவே அதில் வரும் தருமியின் புலம்பலைக் கூடவே சொல்வார்கள். படமே பார்க்காத பாட்டிகளும் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு சொல் பிசகினாலும் சிரிப்பு எழும்.

இடையில் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ வந்தது. சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் முழுப் படத்தையே கலாய்த்தார்கள். குரலிடமிருந்த வேலையை முகமும் உடையும் எடுத்துக்கொண்டன.

இன்று கைப்பேசி போதும். பெரிய படமொன்று வெளிவந்த வாரத்திலேயே அதற்கு ‘ஆடிஷன்’ கொடுக்கும் பையன்களின் காணொளி வந்துவிடுகிறது. ஒரு நிமிடம்தான். மூன்று பக்க வசனத்தை மூச்சுவிடாமல் சொல்லும் தொண்டை அதற்கு வேண்டியதில்லை. பாட்டியும் பேரனும் ஒரே வரிக்குச் சிரிப்பதும் அரிதாகிவிட்டது. அவரவர் கையில் அவரவர் படம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய பலகுரல் கலைஞர் மேடையேறியதும் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சை விழுங்கிவிடுவார். ராதாவாகவோ சிவாஜியாகவோ ஆனால்தான் கைதட்டல். ஒழுகினசேரியில் பிறந்து வில்லுப்பாட்டில் தொடங்கித் திரைக்குப் போன என்.எஸ். கிருஷ்ணனின் மண்ணிலேயே சொந்தப் பேச்சைப் பேச அந்தக் கூச்சம் இருந்தது. இன்றைய பையன் அரசன் வேடத்துக்குத் தேர்வுக்கு நின்று, “எலே மக்கா, அந்த வாள இங்க எடு” என்கிறான். தேர்வாளராக நடிப்பவனும் அதே பேச்சில் அவனைத் திட்டுகிறான். வெளியூர்க்காரர்களும் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அது பெரிய வரவு.

போன கொடையில் மேடைக்குப் பின்னால் இரண்டு பையன்கள் அப்படியொரு காணொளியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பலகுரல்காரர் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கைப்பேசியின் முன் ராதா குரலில் நீதிமன்ற வசனத்தைத் தொடங்கினார். பையன்களுக்கு அது எந்தப் படமென்று தெரியவில்லை. நிறுத்தாமல் பதிவு செய்தார்கள்.