ஊர்ப் பெயரும் விலங்கின் பெயரும்

யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கேயுள்ள அரியாலை முதலிய ஊர்களிலே கறுத்தக்கொழும்பான் என்னும் மாங்கனியை அறியாதார் இலர். அதன் பெயரிலே கொழும்பு இருக்கின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கனியென்றே அது புகழ்பெற்றுள்ளது. ஆகவே, பெயரில் உள்ள ஊரை மட்டும் கொண்டு ஒரு பொருளுக்குரிய மண்ணைத் துணிதல் இயலாது. ஒரே பெயரைப் பல ஊர்கள் தாங்கும்பொழுது மயக்கம் இன்னும் மிகும்.

இங்கிலாந்தின் ஸ்டபோர்ட்ஷயரிலே டாம்வொர்த் என்னும் பழைய நகரம் உண்டு. அதன் அருகே ஓடும் டேம் என்னும் ஆற்றினால் வந்த பெயர் அது. அங்கிருந்து அப்பெயர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. ஆஸ்திரேலிய டாம்வொர்த் பீல் ஆற்றின் கரையிலே உள்ளது. பெயருக்குக் காரணமான டேம் ஆறு அங்கே இல்லை. செம்பொன்னிற மயிரும் நீண்ட மூக்கும் உடைய டாம்வொர்த் என்னும் பன்றியினமோ இங்கிலாந்து நகரின் பெயரையே பெற்றது. இன்று அவ்வினம் அருகிவரும் இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. பர்கூர் என்றதும் பலர், கிருஷ்ணகிரி மாவட்டத்திலே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள ஊரையே நினைப்பர். செந்நிற உடலிலே வெண்திட்டுக்கள் பரந்த பர்கூர் மாட்டினம் அவ்வூருக்கு உரியதன்று. ஈரோடு மாவட்டத்து அந்தியூர் வட்டத்திலுள்ள பர்கூர் மலையே அதன் தாயகம். மலைவாழ் மக்கள் இம்மாடுகளைக் காட்டிலே மேயவிட்டு, இரவிலே பட்டியில் அடைத்து வளர்த்துவந்தனர்.

இவ்வேறுபாட்டை அறிவதனால் ஒரு பயன் உண்டு. 2024ஆம் ஆண்டிலே அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களின் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மேய்ச்சல் நிலம் குறையுமோ என்ற கவலை மாடு வளர்ப்போரிடையே எழுந்தது. காட்டு விலங்குகளைக் காத்தல் வேண்டும். அம்மலையின் மேய்ச்சலால் உருவான மாட்டினத்தையும் காத்தல் வேண்டும். இரண்டையும் எண்ணி வழி காண்போர் முதலிற் செல்லவேண்டிய இடம் மலைமேலுள்ள பர்கூரேயன்றி, நெடுஞ்சாலைப் பர்கூர் அன்று.

ஊரின் பெயரைக் கடல் கடந்தும் எடுத்துச் செல்லலாம். அவ்வூர் விலங்கை உருவாக்கிய புல்லையும் நீரையும் வளர்ப்போர் பழக்கத்தையும் அப்பெயரோடு கொண்டுசெல்லல் அரிது. அந்த மண்ணிலே வளர்ப்போர் கைவிட்டால், எத்தனை ஊர்களுக்கு அப்பெயர் இருந்தாலும் இனம் மீளாது.