பூமியின் துடிப்பைக் கேட்ட துறவி



மருத்துவர் ஒருவர் நோயாளியின் மணிக்கட்டிலே விரலை வைத்து, உடலின் உள்ளே நடப்பதை ஊகித்தறிகின்றார். உடலைப் பிளந்து பார்க்காமலே அவருக்கு உள்நிலை தெரிகின்றது. நாம் நிற்கும் இந்தப் பூமியின் உள்நிலையையும் இவ்வாறு நாடி பிடித்து அறியலாமா? அறியலாம் என்பதே விஞ்ஞானத்தின் விடை. பூமியதிர்ச்சியே அந்த நாடித் துடிப்பு. அந்தத் துடிப்பை வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். அவர் ஒரு துறவி, இயேசு சபைக் குரு, பௌதிக ஆசிரியர். வணக்கத்துக்குரிய பிதா ஜேம்ஸ் பேர்னாட் மக்கெல்வேன் என்பது அவர் பெயர்.

1883ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒகையோ மாநிலத்திலே, ஈரி ஏரிக்கரையிலுள்ள போட் கிளின்ரன் என்னும் ஊருக்கு அண்மையில் அவர் பிறந்தார். 1903இலே, இருபதாவது வயதை எட்டும் பருவத்திலே, இயேசு சபையிற் சேர்ந்தார். அச்சபையின் பயிற்சி நீண்டது. குருப்பட்டம் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஆயினும் அவ்வாண்டுகள் தத்துவமும் வேதசாத்திரமும் மட்டுமே பயின்ற ஆண்டுகள் அல்ல. மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலே அவர் பௌதிகம் பயின்றார், பௌதிகம் கற்பித்தார், அங்கே நிறுவப்பட்டிருந்த பூமியதிர்ச்சிக் கருவி ஒன்றுடன் பழகினார். 1918இற் குருவானார். அந்தக் கருவியின் மீது பிறந்த பற்று மட்டும் மாறவேயில்லை.

அந்தக் கருவி அங்கு வந்த வரலாற்றையும் சொல்லவேண்டும். கிளீவ்லன்ட் நகரிலே பிதா ஓடன்பாக் என்னும் மற்றோர் இயேசு சபைத் துறவி இருந்தார். வட அமெரிக்கா எங்கும் தம் சபைக்குக் கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பௌதிக ஆய்வுகூடமும், இடத்தை விட்டு அகலாத ஆசிரியர்களும் உள்ளனர். எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே வகையான கருவியை வைத்தால் ஒரு கண்டம் முழுவதற்கும் ஓர் அவதானிப்பு வலையை விரித்துவிடலாமே என்று அவர் எண்ணினார். 1909ஆம் ஆண்டளவில் ஜேர்மனிய அறிஞர் வீக்கேட் அமைத்த கருவிகள் பதினாறு வாங்கப்பட்டன. ஒன்று கனடாவுக்குச் சென்றது. ஏனையவை ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளுக்குச் சென்றன.

அக்கருவியின் தத்துவம் எளிமையானது. எண்பது கிலோகிராம் நிறையுள்ள பாரமொன்று தலைகீழான ஊசல்போல நிறுத்தப்பட்டிருக்கும். நிலம் அசையும்போது கருவியின் சட்டம் நிலத்தோடு சேர்ந்து அசையும். பாரமோ, தன் சடத்துவத்தினாலே, அசைவதற்குத் தயங்கி நிற்கும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னே சாய்வதும் இதே காரணத்தினாலேதான். சட்டத்துக்கும் பாரத்துக்கும் இடையே தோன்றும் அந்தச் சிறு வேறுபாட்டை நெம்புகோல்கள் பன்மடங்கு பெருப்பித்து, ஒரு மெல்லிய முள்ளுக்கு அனுப்பும். உருளை ஒன்றிலே சுற்றப்பட்டு மெதுவாகச் சுழலும் கரிபூசிய தாளிலே முள் கீறிக்கொண்டு போகும். நாள்தோறும் ஒருவர் அத்தாளை எடுத்து, கரி உதிராதபடி மெருகெண்ணெயிலே தோய்த்து உலர்த்தி, புதிய தாளொன்றைச் சுற்றவேண்டும். கடிகாரத்தைச் சரிபார்க்கவேண்டும். பூமி அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும் இந்த வேலை நடந்தேயாகவேண்டும்.

இங்கேதான் அந்த அழகிய திட்டம் தளர்ந்தது. சில ஆண்டுகள் உற்சாகமாக நடந்தது. பின்னர் ஒவ்வோரிடமாகச் சோர்வு புகுந்தது. பொறுப்பாயிருந்தவர்கள் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டனர். கீறல் விழுந்த தாள்கள் அலுமாரிகளிலே குவிந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லை. கருவிகள் இருந்தன, விஞ்ஞானம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் அவ்வளவு அவசியம் என்று நேயர்கள் கேட்கலாம். பூமியினுள்ளே பாறை உடையும்போது இருவகை அலைகள் ஒரே கணத்திற் புறப்படுகின்றன. ஒன்று, பாறையை நெருக்கியும் தளர்த்தியும் செல்லும் முதன்மை அலை. மற்றது, பாறையைக் குறுக்கே அசைத்துச் செல்லும் துணை அலை. ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்திற் புறப்பட்ட இரு தூதர்களில் ஒருவன் ஓடிவருகின்றான், மற்றவன் நடந்துவருகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு அண்மையிலிருந்தால் இருவரும் சற்று முன்பின்னாக வந்துசேர்வர். தொலைவாயிருந்தால் இடைவெளி பெருகும். ஆகவே அந்த இடைவெளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். அண்மையில் நிகழும் அதிர்ச்சிகளுக்கு, ஒவ்வொரு செக்கன் இடைவெளிக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரம் என்று கொள்ளலாம்.

ஆனால் ஒரு நிலையம் தூரத்தையே சொல்லும். திசையைச் செவ்வையாகச் சொல்லாது. அந்நிலையத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் கீறலாம். அதிர்ச்சி அவ்வட்டத்தில் எங்கோ நிகழ்ந்தது என்பது மட்டுமே தெரியும். இரண்டாவது நிலையத்தின் வட்டம் அதனை இரு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது வட்டம் எந்தப் புள்ளி என்பதை முடிவுசெய்யும். எனவே தனித்த நிலையம் எவ்வளவு சிறந்ததாயினும் அரைச்செய்தியையே தரும். மூவர் வாய்திறந்து ஒருவருக்கொருவர் சொன்னாலன்றி உண்மை வெளிப்படாது.

இந்த உண்மையை முழுமையாக உணர்ந்தவர் பிதா மக்கெல்வேன். உயர்கல்விக்காகக் கலிபோர்னியாவிலுள்ள பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், பூமியதிர்ச்சி அலைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1923இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். சான் பிரான்சிஸ்கோ நகரத்தை 1906இல் அழித்த பேரதிர்ச்சியின் நினைவு அப்பகுதி மக்களை விட்டு இன்னும் நீங்காத காலம் அது. அங்கேயே இரண்டாண்டுகள் கற்பித்து, அப்பல்கலைக்கழகத்தின் அதிர்ச்சி நிலையங்களையும் மேற்பார்வை செய்தார். அவரிடம் பயின்ற பெரி பயலி என்பவர் பின்னர் அந்தப் பொறுப்பை ஏற்று, தாமும் புகழ்பெற்ற அறிஞரானார்.

1925இற் பிதா மக்கெல்வேன் செயின்ற் லூயிசுக்குத் திரும்பினார். அவ்வாண்டிலே இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, அப்பல்கலைக்கழகத்திலே புவிப்பௌதிகத்துக்கெனத் தனித்துறையொன்றைத் தோற்றுவித்தார். மேலைக் கோளார்த்தத்தில் அத்தகைய துறைகளுள் அதுவே முதலாவது என்பர். இரண்டாவது, சோர்ந்து கிடந்த பழைய கல்லூரி நிலையங்களை ஒன்றுசேர்த்து, இயேசு சபைப் பூமியதிர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் நடுநிலையம் செயின்ற் லூயிசில் அமைந்தது.

அவர் செய்த மாற்றத்தின் சாரம், செய்தி விரைந்து செல்ல வழிசெய்ததுதான். ஓர் அதிர்ச்சி பதிவானதும் நிலையங்கள் தம் அளவீடுகளைத் தந்தி மூலம் அனுப்பின. அரசாங்கத்தின் கரையோர நில அளவைத் திணைக்களமும், வாஷிங்டனிலிருந்து பத்திரிகைகளுக்கு விஞ்ஞானச் செய்தி வழங்கிய நிறுவனமொன்றும் இம்முயற்சியில் ஒத்துழைத்தன. நடுநிலையம் கணக்கிட்டு, அதிர்ச்சியின் மையம் எங்கே என்பதை உலகின் ஏனைய நிலையங்களுக்கும் அறிவித்தது. முன்னர் தாள் அலுமாரியில் உறங்கியது. இப்போது எண்கள் தந்திக்கம்பியிலே பறந்தன.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலே இதற்கென்ன தேவை என்று எண்ணுதல் கூடாது. 1811ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதல் 1812ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை, மிசிசிப்பி ஆற்றோரத்தில் நியூ மட்ரிட் என்னும் சிற்றூரை அடுத்த நிலம் மும்முறை பெரிதும் அதிர்ந்தது. நிலம் தாழ்ந்து ரீல்புட் என்னும் ஏரி உண்டாயிற்று. ஆறு சிறிது நேரம் எதிர்த்துப் பாய்ந்ததாகவும் கண்டவர்கள் கூறினர். அக்காலத்தில் அங்கே மக்கள் மிகச் சிலரே வாழ்ந்தனர், பின்னர் நகரங்கள் எழுந்தன, மக்கள் மறந்தனர். நிலம் மறக்கவில்லை. பிதா மக்கெல்வேன் அப்பள்ளத்தாக்கைச் சூழப் புளோரிசன்ற், லிற்றில் றொக், கேப் ஜிராடோ ஆகிய இடங்களில் நிலையங்கள் இயங்கச்செய்து, சிறு நடுக்கங்களையும் விடாமற் பதிவுசெய்தார்.

அவருடைய ஆய்வுக்கூடத்திலே மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. பூமியதிர்ச்சி இல்லாத நாட்களிலும் கருவியின் முள் முற்றிலும் ஓய்ந்திருப்பதில்லை. சில செக்கன்களுக்கு ஒருமுறை, ஓயாத சிறு நடுக்கமொன்று அதில் தெரியும். அது எங்கிருந்து வருகின்றது? கொலம்பியா நாட்டிலிருந்து வந்து அவரிடம் பயின்ற பிதா ஹெசூஸ் எமிலியோ ராமிரெஸ் என்னும் இளந்துறவி அதனை ஆராய்ந்தார். செயின்ற் லூயிஸ் நகரிலேயே, சில கிலோமீற்றர் இடைவெளியில், முக்கோணமாகக் கருவிகள் வைக்கப்பட்டன. நடுக்கம் எந்தக் கருவியை முதலில் எட்டுகின்றது, எதனைப் பின்னர் எட்டுகின்றது என்று பார்த்தபோது, அவை பயணஞ்செய்யும் அலைகள் என்பதும், தொலைவிலே கடலின்மேல் வீசும் புயல்களின் திசையிலிருந்து வருகின்றன என்பதும் தெளிவாயின. கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் உள்ளேயிருந்த ஒரு நகரத்தின் நிலவறையிலே, கடலின் கொந்தளிப்புக் கேட்டது!

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, அமெரிக்கக் கடற்படை இம்முறையைக் கரீபியன் பகுதியில் சூறாவளிகளைத் தேடுவதற்குப் பயன்படுத்திப் பார்த்தது. விமானமும் ராடரும், பின்னர் செய்மதிகளும் அந்தப் பணியை மேலும் திறம்படச் செய்தமையால் அம்முறை பின்தங்கியது. ஆயினும் கண்டுபிடிப்பு வீணாகவில்லை. கடலில் எதிரெதிராக வரும் அலைகள் மோதும்போது அடித்தளத்தில் அழுத்தம் ஏறியிறங்குவதே காரணம் என்பதை 1950இல் ஆங்கிலேய அறிஞர் லொங்கே ஹிகின்ஸ் கணிதத்தால் விளக்கினார். இன்றோ, அந்த ஓயாத நடுக்கத்தைக் கொண்டே நிலத்தின் உள்ளமைப்பை அறிஞர்கள் படம்பிடிக்கின்றனர். ஒரு காலத்தில் தொல்லையென ஒதுக்கிய ஓசை, பின்னொரு காலத்திற் செய்தியாயிற்று.

பிதா மக்கெல்வேன் ஆய்வாளர் மட்டுமல்லர், நல்லாசிரியருமாவார். மாணவர்களுக்காக 1936இல் பூமியதிர்ச்சி இயலின் கோட்பாடுகளை விளக்கும் நூலொன்றையும், பொதுமக்களுக்காக 1947இற் பூமி அதிரும்போது நிகழ்வதை எளிமையாகக் கூறும் நூலொன்றையும் எழுதினார். 1944இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானப் பேரவை அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அமெரிக்கப் புவிப்பௌதிகச் சங்கத்தின் தலைவராயிருந்த காலத்திலேயே, 1956ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் அவர் காலமானார். அச்சங்கம் அவர் பெயரால் ஒரு பதக்கத்தை நிறுவி, 1962 முதல் வழங்கிவருகின்றது. அது முதுபெரும் அறிஞர்க்கு உரியதன்று. ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கிய இளைஞர்க்கே உரியது. மாணவர்களை உருவாக்கிய ஒருவருக்கு இதனிலும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறென்ன?

நேயர்களே, இவ்வரலாற்றை நாம் தொலைவிலிருந்து கேட்கும் கதையாக மட்டும் கொள்ளலாகாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவின் கடலடியிலே நிலம் பிளந்தது. அதன் அதிர்வு சில நிமிடங்களிலேயே நம் தீவின் பாறைகளுக்குள் பாய்ந்துவிட்டது. உலகெங்குமுள்ள கருவிகள் அதனைப் பதிவுசெய்தன. கடலலை நம் கிழக்குக் கரையை எட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பிடித்தது. பதிவு இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் கருவி அறிந்ததைக் கரையில் நின்ற மனிதனுக்குச் சொல்லும் வழி அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. நம் நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே இச்சமுத்திரத்துக்கான எச்சரிக்கை ஏற்பாடு உருவாயிற்று.

பூமி எந்நாளில், எந்நேரத்தில் அதிரும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆற்றல் இன்றும் விஞ்ஞானத்துக்குக் கைகூடவில்லை. அதிர்ந்ததை உடனே அறிவதும், அறிந்ததை உடனே பகிர்வதும் நம் கையில் உள்ளவை. அலுமாரியில் உறங்கிய தாள்களை எழுப்பித் தந்தியில் ஏற்றிய அந்தத் துறவி செய்த பணியின் பெருமை இதுவே. கருவி கேட்கும், ஆனால் பேசவேண்டியவர்கள் மனிதர்கள்தாம்.