மழையிலும் திறந்திருக்கும் ஜன்னல்

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றை நண்பர் ஒருவரின் வீட்டில் கழிக்கும்படி நமக்கு நேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடியில் அவருடைய ஜாகை. வெளியே நல்ல மழை. தெருவில் நின்றால் உடம்பு சிலிர்க்கும்படியான குளிர்ச்சி. வீட்டுக்குள்ளேயோ ஜன்னல்கள் யாவும் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. இரண்டு அறைகளில் ஏர் கண்டிஷன் யந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்த மழையில் இது எதற்கு?" என்று கேட்டோம்.

"ஜன்னலைத் திறந்தால் சாரல் படுக்கை வரையில் அடிக்கிறது; சாத்தினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்றார் நண்பர்.

நடுநிசியில் மின்சாரம் நின்றது. 78 வயதான அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், வாசற்கதவைத் திறந்து வைத்து, பொழுது விடியும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வேண்டிய குளிர்ச்சியெல்லாம் கண்ணாடிக்கு அப்புறம் இருந்தது. இப்புறத்தில் வியர்வை வழிந்தது.

மறுநாள் காலையில் அந்த ஜன்னலை ஊன்றிப் பார்த்தோம். இரண்டு கண்ணாடிக் கதவுகள் தண்டவாளத்தில் ஓடும் 'ஸ்லைடிங்' ஜன்னல் அது. இப்போது எந்தப் புதுக் கட்டடத்திலும் காண்பது இதுவே. நான்கு அடிக்கு நான்கு அடி, அதாவது 16 சதுர அடி என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது. ஆனால் ஒரு கதவை ஒதுக்கினால் அது மற்றொன்றின் பின்னால்தானே போய் நிற்கிறது? ஆகவே காற்றுக்குக் கிடைப்பது பாதி வழிதான். மத்திய மின்சக்திச் சிக்கனக் காரியாலயம் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பும் இப்படித்தான் கணக்கிடுகிறது. பக்கத்தில் கீல் வைத்த ஜன்னலுக்கு 90 சதவிகிதம் திறப்பு என்றும், இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலுக்கு 50 சதவிகிதந்தான் என்றும் அதில் கண்டிருக்கிறது. சென்னையைப் போல் உஷ்ணமும் ஈரமும் கலந்த ஊர்களில், வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய வழியாக இருக்கவேண்டும் என்பதும் அதில் உள்ள விதியே. இந்தக் கணக்கு வீடு முழுவதற்கும் உரியது. ஆயினும் 120 சதுர அடி கொண்ட படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தால், 20 சதுர அடி வேண்டும். நண்பரின் ஜன்னல் தருவது 8 சதுர அடி. அதுவும் மழை பெய்தால் பூஜ்யம்.

மழையிலும் திறந்து வைக்கத்தக்க ஜன்னல் ஒரு வகை உண்டு. கீல் மேல்விளிம்பில் இருக்கும்; அடிப்பாகத்தை வெளிப்புறமாகத் தள்ளித் திறக்கவேண்டும். திறந்த கதவு கடை வாசலில் சாய்த்துக் கட்டிய துணிப்பந்தலைப் போல் நிற்பதால், மேனாட்டார் இதற்கு 'ஆனிங்' ஜன்னல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம்முடைய கட்டட வேலைக்காரர்கள் 'டாப் ஹங்' என்பார்கள். நம்மவர்கள் இதைக் குளிக்கும் அறையின் வென்டிலேட்டராக மட்டும் உபயோகித்துவிட்டு மறந்துவிட்டார்கள். 60 செ.மீ. உயரமுள்ள கதவை 30 டிகிரி அளவுக்குத் தள்ளினால், அடியில் சுமார் 31 செ.மீ. இடைவெளி கிடைக்கும், இரு பக்கங்களிலும் முக்கோண வடிவில் வழி இருக்கும். மழைத் துளி கதவின் முதுகில் விழுந்து வெளியே வடிந்துவிடுகிறது. மழையைக் குறுக்காக வீசியடிக்கும் பெருங்காற்று வந்தால் மட்டுமே சாத்தவேண்டியிருக்கும்.

இதனால் மிச்சமாவது என்ன? சென்னையில் வருஷத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வது. அந்த மழை இரவுகளில் வெளிக்காற்று பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். யந்திரம் நமக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் குளிர்ச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒன்றரை டன் யந்திரம் ராத்திரி முழுவதும் ஓடினால் நாலைந்து யூனிட் ஆகிவிடுகிறது. 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 0.6 யூனிட். ஜன்னலைத் திறந்து வைக்க முடிந்த ஒவ்வோர் இரவும் இந்த வித்தியாசம் மிஞ்சுகிறது. ஜன்னல் விற்பவர்களின் விளம்பரத்தில் இந்தக் கணக்கு இராது. அவர்கள் பேசுவதெல்லாம் மூடிய ஜன்னலைப் பற்றித்தான்.

மூடிய நிலையிலும் மேற்கீல் ஜன்னல் தாழ்ந்ததன்று. தாழ்ப்பாளைத் திருகும்போது கதவு ரப்பர் பட்டையின் மீது நன்றாக அழுந்துகிறது. ஸ்லைடிங் கதவு ஓடவேண்டுமாதலால் அதற்கு மயிர்ப்பட்டைதான் வைக்க முடியும்; அதன் வழியாக ஈரக்காற்று கசியும். அந்த ஈரத்தைப் பிழிந்தெடுப்பதிலும் ஏர் கண்டிஷன் யந்திரம் மின்சாரத்தைச் செலவழிக்கிறது.

நிற்க. இரட்டைக் கண்ணாடி போட்டால் உஷ்ணமே வராது என்று நண்பரிடம் ஒருவர் ஆசை காட்டியிருந்தார். அதையும் கணக்குப் பார்த்தோம். வெளியே 36 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் ஊடே, நண்பரின் ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னல் வழியாகக் கடத்தப்பட்டு வரும் உஷ்ணம் 90 வாட்டுக்கு உட்பட்டது. இரட்டைக் கண்ணாடி அதில் பாதியைத் தடுக்கும். ஆனால் மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரின் மேல் விழும் வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்குக் குறையாது. வெறும் கண்ணாடி அதில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். அதாவது 600 வாட். பத்து 60 வாட் பல்புகளை அறைக்குள் ஏற்றி வைத்ததற்குச் சமம். பனி பெய்யும் தேசத்தில் இரட்டைக் கண்ணாடியே பிரதானம். நமக்கோ நிழல்தான் முதல். தெற்குப் பக்கத்து உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட் தடுத்துவிடும். மேற்கு வெயில் தாழ வருவதால் அதற்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியோ மரமோதான் வேண்டும். 'பந்தல் ஜன்னல்' என்ற பெயரைக் கேட்டு அது வெயிலுக்கும் பந்தல் என்று நினைத்து விடக்கூடாது. கண்ணாடிப் பந்தலில் நிழல் ஏது?

மேற்கீல் ஜன்னலின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வெளியே தள்ளும் கதவாகையால் கிரில் கம்பியும் கொசுவலையும் உட்புறத்தில் வருகின்றன. கையை விட்டுத் தள்ளுவதற்குக் கம்பியில் ஒரு வழி வைக்கவேண்டும். ஸ்லைடிங் ஜன்னலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நாடெங்கும் பரவியதற்குக் கொசுவும் ஒரு முக்கிய காரணம் என்பது நம் அபிப்பிராயம். உயரமான மாடிகளில் கீலும் ஆணியும் பழுதானால் கதவே கீழே விழலாம். சிங்கப்பூரில் இப்படி ஜன்னல்கள் விழுந்து, வெளிப்புறம் திறக்கும் பக்கக்கீல் ஜன்னல்களின் அலுமினிய ஆணிகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் போடவேண்டும் என்று 2004-ல் சட்டமே செய்தார்கள். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலைப் போன்ற காற்றில் இதைத் திறந்து வைப்பது விபரீதம். இவற்றுக்கெல்லாம் மேலாக மற்றொன்று: கதவின் சரிவு காற்றை மேல்நோக்கித் திருப்புகிறது. காற்று வருகிறது, ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரின் உடம்பில் படாமல் கூரையை நோக்கிப் போய்விடுகிறது.

ஆகவே எல்லா ஜன்னல்களையும் இப்படியே வைத்துவிடுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பழைய வீடுகளில் ஒரே ஜன்னலுக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு மரக்கதவுகள் இருந்ததை வாசகர்கள் கண்டிருக்கலாம். கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டு மேற்கதவுகளை மட்டும் திறந்து வைப்பார்கள். அந்த யோசனையே இங்கும் பொருந்தும். உடம்பில் காற்றுப் படவேண்டிய உயரத்தில் பக்கக்கீல் கதவுகள். அவற்றுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் மேற்கீல் கதவு ஒன்று. கோடையில் இரண்டையும் திறக்கலாம். மழையில் மேலே உள்ளது மட்டும் திறந்திருந்தால், கூரையடியில் தேங்கும் வெப்பக்காற்று வெளியேற வழி உண்டாகும். உள்ளே வரும் குளிர்ந்த காற்றை மின்விசிறி கீழே இறக்கிக் கொடுக்கும். எதிர்ச்சுவரிலோ கதவுக்கு மேலோ காற்றுக்கு மற்றொரு வழி இருந்தால்தான் இவ்வளவும் நன்றாக நடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குடியிருப்போர் சங்கத்திடம் போனார். கட்டடத்தின் முகத்தோற்றம் கெட்டுவிடும் என்று ஆட்சேபித்தார்கள். நாலு மாதம் பேசிய பிறகு, பின்பக்கம் பார்த்த ஒரே ஒரு ஜன்னலை மாற்ற அனுமதி கிடைத்தது. அது தாயாரின் அறை ஜன்னல். அடுத்த மழைக் காலத்தில் மறுபடி போயிருந்தபோது, அந்த அறை யந்திரத்தின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. இரவில் தூக்கம் வருகிறதா என்று அம்மாளை விசாரித்தோம். தூக்கம் வருகிறதாம். ஆனால் யந்திரத்தின் சத்தம் இல்லாததால், அடுத்த வீட்டுக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுவது காதில் விழுகிறதாம். அதற்கு யாரிடம் சொல்வது என்று நம்மைக் கேட்டார்.