லாயத்துக்கு வரும் புது விருந்தாளி

குதிரைகளைத் தாக்கும் தொற்றுநோய்க்குக் கதவு திறப்பது பெரும்பாலும் புதிதாக வந்து சேரும் குதிரைதான்

திருவனந்தபுரம் குதிரை மாளிகையின் கூரைக்கடியில் 122 மரக்குதிரைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அவற்றுக்குக் கரையான் பயம் மட்டுமே. அதே நகரில், கண்ணேட்டுமுக்கு போலீஸ் லாயத்தில் நிற்கும் நிஜக் குதிரைகளின் கதை வேறு. அங்கே ஒன்று இருமினால் மற்றவற்றுக்கும் ஆபத்து.

குதிரை இன்ஃபுளுயன்சா இருமலில் பரவும் வைரஸ் நோய். 1987-ல் இந்தியாவில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள், கழுதைகள், கோவேறு கழுதைகளைத் தாக்கியது, நூற்றுக்கணக்கானவை மடிந்தன. 2008-ல் அது மீண்டும் தலைகாட்டிய இடம், வைஷ்ணவ தேவி பக்தர்களைச் சுமக்கும் விலங்குகள் நிறைந்த கட்ரா. விரைவில் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. ஆறுதல்: இதற்குத் தடுப்பூசி உண்டு. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே அதை உருவாக்கியிருக்கிறது.

கிளாண்டர்ஸ் விஷயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. பாக்டீரியாவால் வரும் இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. மூக்கில் சளி, தோலில் கட்டிகள், புண்கள். நோயுற்ற குதிரை வாய் வைத்த தண்ணீர்த் தொட்டியே மற்றதற்கு எமன். மனிதர்களுக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைக் குதிரையை நம்பிச் சவாரி விட்டுப் பிழைப்பவர் நோயை மறைக்கத்தான் பார்ப்பார். மறைத்து விற்றால் நோயும் லாரி ஏறும். கொல்லப்படும் குதிரைக்கு இழப்பீடு தர அரசின் திட்டத்தில் இடம் இருப்பது இதனால்தான். அது தாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் உரிமையாளர் வாய் திறப்பார்.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில், இறக்குமதிக் குதிரைகளை அடைத்து வைத்த மையத்திலிருந்தே இன்ஃபுளுயன்சா கசிந்தது. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குத் தொற்றியது. ஆட்களின் உடையிலோ கருவிகளிலோ ஒட்டிக்கொண்டு வெளியேறியிருக்கலாம் என்றது விசாரணை.

குதிரைகள் குறைவாக உள்ள கேரளத்தில் புதிய குதிரை பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்துதான் வரும். எனவே அதைச் சில வாரங்கள் தனிக் கொட்டிலில் கட்ட வேண்டும். அதற்கென்று தனி வாளி, தனித் தூரிகை, தனிச் சேணம். பராமரிப்பவர் மற்ற குதிரைகளைக் கவனித்த பிறகே அதனிடம் போக வேண்டும். திரும்பியதும் கைகால் கழுவ வேண்டும். காய்ச்சலோ சளியோ தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பெரிய செலவில்லை. ஒரு வாளி, ஒரு துண்டு சோப்பு, கொஞ்சம் பொறுமை. லாயமே காலியாவதைவிட இது மலிவு.